ஊர் சுற்றும் பெண்: க்ளியோ நடந்த பாரிஸ்

தமிழில் ஓர் ஆணை 'ஊர்சுற்றி' என்று சொன்னால் அதில் பாதி வசை, பாதி வாஞ்சை. வீட்டுக்கு உதவாதவன்; ஆனாலும் நாலு இடம் பார்த்தவன், நாலு பேரைத் தெரிந்தவன். ராகுல் சாங்கிருத்தியாயனின் நூல் 'ஊர்சுற்றிப் புராணம்' என்ற தலைப்பில் தமிழுக்கு வந்தபோது அந்தச் சொல் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. அதையே பெண்ணுக்கு மாற்றிப் பாருங்கள். 'ஊர் சுற்றுகிறாள்' என்றதும் சொல்பவரின் குரல் மாறுகிறது. 'ஊர் மேய்கிறாள்' என்பது அதற்கு அடுத்த படி. ஆண் நடந்தால் அனுபவம், பெண் நடந்தால் நடத்தை. நம் மொழி வைத்திருக்கும் கணக்கு இது.

பிரெஞ்சு மொழியின் கணக்கும் இதேதான். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் உலகத்துக்குக் கொடுத்த பாத்திரங்களில் ஒன்று 'ஃப்ளானேர்'. வேலை எதுவுமில்லாமல், அவசரமில்லாமல், கூட்டத்தில் கரைந்தபடி நகரத்தை வேடிக்கை பார்த்து நடப்பவன். போதலேர் அவனைக் கலைஞனாக்கினார். வால்டர் பெஞ்சமின் அவனை நவீனத்துவத்தின் சாட்சியாக்கினார். 'ஃப்ளானேஸ்' என்ற பெண்பால் சொல்லுக்கோ, சாய்ந்து படுக்கும் ஒருவகை நாற்காலி என்றொரு பொருளும் அகராதியில் உண்டு. லோரன் எல்கின் 2016இல் வெளியிட்ட 'ஃப்ளானேஸ்' நூலில் இதைச் சுட்டிக்காட்டுகிறார். பிரெஞ்சில் பொதுவாழ்வில் இருக்கும் ஆண் மதிப்புக்குரியவன். 'பொதுப்பெண்' என்றால் பாலியல் தொழிலாளி. தமிழில் 'பொதுமகள்' என்ற சொல்லின் கதை நமக்குத் தெரியும். இவ்வளவு தொலைவிலுள்ள இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் ஒரே வேலியைப் போட்டிருக்கின்றன.

இந்த வேலியைப் பற்றி ஜேனட் வோல்ஃப் 1985இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நவீன நகரத்தைப் பற்றிய இலக்கியம் முழுவதும் ஆணின் அனுபவமே, பெண் ஃப்ளானேர் என்பவள் சாத்தியமே இல்லாதவளாக இருந்தாள் என்பது அவர் வாதம். 1992இல் எலிசபெத் வில்சன் இதை மறுத்தார். பெண்கள் தெருவில் இல்லாமலா இருந்தார்கள்? துணி வெளுத்தவர்கள், பூ விற்றவர்கள், தையல் வேலைக்குப் போனவர்கள், பணிப்பெண்கள் எல்லோரும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். இரண்டு வாதங்களும் உண்மைதான். உழைக்கும் பெண் எப்போதும் தெருவில் இருந்தாள். ஆனால் காரணத்தோடு மட்டுமே இருந்தாள். காரணமின்றி மாலையில் தனியாக நின்றால் ஒழுக்கக் காவல்துறை சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போகலாம். மேல்தட்டுப் பெண்ணுக்கோ துணையும் வண்டியும் இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாது. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய நூலின் மையக் கேள்வியும் இதுதான்: பெண் எந்த வேலையுமின்றிப் பொதுவெளியில் இருக்கலாமா? கையில் பை, முகத்தில் அவசரம், போய்ச் சேர ஓர் இடம் — இவற்றைக் காட்டித்தான் நாம் தெருவில் நடக்க அனுமதி வாங்குகிறோம்.

இந்த அனுமதியை ஏமாற்றி வாங்கிய பெண்களும் உண்டு. 1831இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்த ஜார்ஜ் சாண்டுக்கு வயது 26. பெண்களுக்கான மெல்லிய காலணிகள் நகரத்துக் கல்பாதையில் இரண்டே நாளில் கிழிந்தன, பாவாடை சேற்றில் புரண்டது, கையில் காசில்லை. ஆணின் நீள அங்கியும் இரும்பு லாடம் அடித்த பூட்சும் வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு பாரிஸின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க முடிந்ததைத் தன் சுயசரிதையில் அவர் கொண்டாட்டமாக விவரிக்கிறார். இதை 'ஆண் வேடம்' என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அவர் முதலில் பேசுவது செருப்பைப் பற்றி, செலவைப் பற்றி, நாடக அரங்கின் மலிவான இருக்கையைப் பற்றி. சுதந்திரம் முதலில் ஒரு பாதணியாகத்தான் அவரிடம் வந்தது. சட்டப்படி அது குற்றமும்கூட. ஆணைப்போல உடுத்த விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்ற பாரிஸ் ஆணை 1800இல் பிறப்பிக்கப்பட்டது. 1892இலும் 1909இலும் அது கொஞ்சம் தளர்ந்தது: கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை அணியலாம். வழக்கொழிந்த அந்த ஆணை செல்லாது என்று அரசு முறைப்படி சொன்னது 2013இல்.

ஏமாற்ற முடியாதவர்களின் குரலும் பதிவாகியிருக்கிறது. ஓவியர் மரி பஷ்கீர்ட்செஃப் 1884இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு 25 வயது. அவருடைய நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வரும் ஏக்கம் தனியாகத் தெருவில் போவது, பூங்கா பெஞ்சில் உட்காருவது, கடை வாசலில் நின்று பார்ப்பது. அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டுமென்றால்கூட வண்டி வர வேண்டும், துணை வர வேண்டும். இப்படிக் கட்டுண்டு கிடப்பதால்தான் பெண்களிடமிருந்து பெரிய கலைஞர்கள் வருவதில்லை என்று அவர் நேரடியாகவே காரணம் சொல்கிறார். இறந்த ஆண்டில் அவர் முடித்த ஓவியம் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெரு முனையில் பள்ளிச் சிறுவர்கள் கூடி ஏதோ ஆலோசிக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு சிறுமி முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போகிறாள். படத்தின் பெரும்பகுதி சிறுவர்களுக்கு. ஆனால் அந்தச் சிறுமியைப் பார்த்துவிட்டால் பிறகு சிறுவர்களைப் பார்க்கத் தோன்றாது.

இந்தப் பின்னணியோடு ஆக்னெஸ் வர்தாவின் 'க்ளியோ 5 முதல் 7 வரை' (1962) படத்தை வாசிக்க வேண்டும். புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கும் ஓர் இளம் பாடகி, 1961 ஜூன் 21 மாலையைப் பாரிஸில் எப்படிக் கழிக்கிறாள் என்பதே கதை. பிரெஞ்சில் 'ஐந்து முதல் ஏழு' என்றால் காதலர்கள் இரகசியமாகச் சந்திக்கும் நேரம். வர்தா அந்த நேரத்தை எடுத்து மரண பயத்துக்கும் நடைக்கும் கொடுக்கிறார். கதையில் ஓடும் நேரமும் படத்தின் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. படம் ஒன்றரை மணி நேரத்தில், ஆறரைக்கே முடிந்துவிடுகிறது. தலைப்பிலுள்ள கடைசி அரைமணியை நம்மிடம் விட்டுவிடுகிறது.

படத்தின் முதல் பாதியில் க்ளியோ நகரத்தைப் பார்ப்பதே இல்லை. சீட்டுக்கட்டில் குறி கேட்டுவிட்டுப் படியிறங்கி வருபவள் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். ரிவோலி தெருவின் கடைக் கண்ணாடிகளும், தொப்பிக் கடைக் கண்ணாடிகளும், காபிக் கடைத் தூண்களில் பதித்த கண்ணாடிகளும் அவளுக்கு அவளையே திருப்பித் தருகின்றன. அழகாக இருக்கும்வரை உயிரோடு இருக்கிறேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்த இசையமைப்பாளரோடு ஒரு புதுப்பாட்டைப் பாடிப் பார்க்கும்போது அந்தப் பாட்டின் சோகம் அவளைப் பிடித்து உலுக்குகிறது. பொய்முடியைக் கழற்றி எறிகிறாள், கறுப்பு உடை அணிகிறாள், தனியாகத் தெருவில் இறங்குகிறாள். படம் கிட்டத்தட்டச் சரிபாதியில் இங்கே திரும்புகிறது.

பெண்ணியத் திரை விமர்சனம் இந்தத் திருப்பத்தை நிறைய எழுதியிருக்கிறது. 'பார்க்கப்படுபவள் பார்ப்பவளாகிறாள்' என்பது இன்று பாடத்திட்ட வாசகம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது வர்தா காட்டும் சிரமம் காணாமல் போகிறது. வெளியே வந்ததும் க்ளியோவுக்கு உடனே விடுதலை கிடைப்பதில்லை. தெருவில் ஒருவன் உயிருள்ள தவளைகளை விழுங்கி வித்தை காட்டுகிறான், அருவருத்து விலகுகிறாள். மோன்பர்னாஸில் 'டோம்' காபிக் கடைக்குள் போய்ப் பாட்டுப்பெட்டியில் தன் பாட்டையே போட்டுவிட்டு மேசைகளுக்கிடையே நடக்கிறாள். யாரும் காது கொடுக்கவில்லை. அரசியல், ஓவியம், காதல், காசு என்று அவரவர் பேச்சு அவரவருக்கு. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற பயம் ஒன்று. யாருமே பார்க்கவில்லை என்ற அதிர்ச்சி இன்னொன்று. தெருவில் நடக்கும் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். பிறகு சிற்பக்கூடத்தில் நிர்வாண மாடலாக நிற்கும் தோழி டோரொத்தேயைச் சந்திக்கிறாள். உடம்பைக் காட்டுவதில் டோரொத்தேக்குப் பயமில்லை. சிற்பிகள் பார்ப்பது தன்னை அல்ல, ஒரு வடிவத்தை என்பது அவள் எண்ணம். க்ளியோவால் அப்படி நினைக்க முடியவில்லை. இரண்டு பெண்கள் ஒரே பார்வையை இரண்டு விதமாகச் சுமக்கிறார்கள் என்பதை வர்தா தீர்ப்புச் சொல்லாமல் காட்டிவிட்டு நகர்கிறார்.

படத்தில் க்ளியோ காரிலும் டாக்ஸியிலும் பேருந்திலும் கடக்கும் தூரத்தையும் சேர்த்து ரிவோலி தெரு, மோன்பர்னாஸ், மோன்சூரி பூங்கா, சால்பெத்ரியேர் மருத்துவமனை என்ற தடத்தை நான் ஒரே பகலில் நடந்து முடித்திருக்கிறேன். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் முடிந்துவிடும் தொலைவுதான். வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும் இடங்களையும் இடையிடையே பார்த்துக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் கண்ணில் படுவது, இந்த நகரத்தில் எவ்வளவு பெண்கள் கல்லாகி நிற்கிறார்கள் என்பது.

ரிவோலி தெருவின் மேற்குக் கோடியில் கொன்கோர்த் சதுக்கம். சுற்றிலும் எட்டுப் பெண் சிலைகள்: லீல், ஸ்திராஸ்பூர், லியோன், மார்செய், போர்தோ, நாந்த், ப்ரெஸ்த், ரூவான். எட்டும் பெண்களின் பெயர்கள் அல்ல, நகரங்களின் பெயர்கள். 1871இல் ஸ்திராஸ்பூர் ஜெர்மனியின் வசமானபோது அந்தச் சிலைக்குத் துக்கத் துணி போர்த்தினார்கள். இழந்த மண்ணுக்காக ஒரு கற்பெண்ணுக்குத் துக்கம் காத்த இதே சதுக்கத்தில், 1793 நவம்பர் 3 அன்று ஒலாம்ப் த கூஜின் தலையை வெட்டினார்கள். ஆண்களின் உரிமைப் பிரகடனத்துக்குப் பதிலாக 1791இல் பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதியவர் அவர். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் வேண்டும் என்று வாதிட்டவருக்கு முதலாவது மட்டும் கிடைத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் புரட்சி அரசு பெண்களின் சங்கங்களைத் தடை செய்திருந்தது. குடியரசுக்கே மரியான் என்று பெண் பெயரிட்டு, 1883இல் ரெபுப்ளிக் சதுக்கத்தில் பெரிய சிலையும் எழுப்பிய நாடு, பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1944இல். அவர்கள் முதன்முதலில் வாக்களித்தது 1945 ஏப்ரலில். பெண்ணைக் குறியீடாக்கும் சமூகம் அவளைக் குடிமகளாக்க மறந்துவிடுகிறது. தாய்நாடு, தாய்மொழி என்று பேசிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தால் லுக்ஸம்பூர் பூங்கா. மரி த மெதிசி என்ற அரசி தனக்காகக் கட்டிய அரண்மனையின் தோட்டம். அங்கே அரசிகளும் புகழ்பெற்ற பெண்களுமாக இருபது சிலைகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே பாந்தியோன். மாமனிதர்களுக்குத் தாய்நாட்டின் நன்றி என்று முகப்பில் பொறித்திருக்கிறார்கள். அங்குள்ள பிரெஞ்சுச் சொல் ஆண்களையும் குறிக்கும், மனிதர்களையும் குறிக்கும். அந்த மயக்கத்தில் பல காலம் காரியம் நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் அடக்கமான அந்த மண்டபத்துக்குள் 1907இல் நுழைந்த முதல் பெண் சோஃபி பெர்தலோ, வேதியியலாளரான கணவரைப் பிரிக்க வேண்டாமென்று சேர்த்துவைக்கப்பட்டவர். தன் சொந்தத் தகுதியால் ஒரு பெண் நுழைய 1995வரை ஆனது: மரி க்யூரி. பிறகு 2015இல் ஜெர்மேன் தில்லியோன், ஜெனெவியேவ் த கோல்-அந்தோனியோஸ். 2018இல் சிமோன் வேய். 2021இல் ஜோசஃபின் பேக்கர். சிமோன் வேயோடு அவர் கணவரும் வந்தார், இந்த முறை மனைவியின் பொருட்டு.

வழிகாட்டிப் புத்தகம் சொல்லாத ஒன்றையும் நடப்பவள் கவனிப்பாள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பாரிஸ் தெருக்களில் ஆண்களுக்குச் சிறுநீர்க் கூண்டுகள் இருந்தன. பெண்ணுக்கு அப்படி எதுவுமில்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவள் உடம்பு முடிவு செய்தது. தானியங்கிக் கழிப்பறைகள் 1980களில் வந்தன. 2006 முதல்தான் கட்டணம் இல்லை. ஃப்ளானேரைப் பற்றிய கோட்பாட்டு நூல்களில் இந்தப் பக்கம் இருக்காது. ஒரு நாள் முழுக்க நடந்து பார்க்கும் எந்தப் பெண்ணும் இதையும் கோட்பாட்டில்தான் சேர்ப்பாள்.

க்ளியோவின் மாலை மோன்சூரி பூங்காவின் மரங்களுக்கிடையே கொஞ்சம் இளகுகிறது. யாருமில்லாத படிக்கட்டில் பாடிக்கொண்டே இறங்குகிறாள். நீர்வீழ்ச்சி அருகே அந்த்வான் என்ற படைவீரன் பேச்சுக் கொடுக்கிறான். அல்ஜீரியப் போருக்குத் திரும்பவிருக்கும் அவனுக்கும் மரண பயம். தன் உண்மைப் பெயர் ஃப்ளொராங்ஸ் என்று அவனிடம் சொல்கிறாள். இருவரும் பேருந்தேறி மருத்துவமனைக்குப் போகிறார்கள். தனியே நடந்தவளை வர்தா கடைசியில் ஓர் ஆணிடம் ஒப்படைத்துவிட்டார் என்ற குறையை மாணவிகள் வகுப்பில் தவறாமல் எழுப்புகிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த்வான் அவளைக் காப்பாற்ற வரவில்லை. அவனும் பயந்தவனாகத்தான் வருகிறான். அதனால்தான் அவள் பயம் பேசக்கூடியதாகிறது.

அவர்கள் போய்ச் சேரும் இடமும் கவனிக்கத்தக்கது. சால்பெத்ரியேர் ஒரு வெடிமருந்துச் சாலையாக இருந்த இடம். 1656க்குப் பிறகு ஏழைப் பெண்களையும் பாலியல் தொழிலாளர்களையும் மனநலம் குன்றியோரையும் அடைத்துவைத்த இடம். அதாவது 'ஊர் சுற்றிய' பெண்கள் கடைசியில் கொண்டுவரப்பட்ட இடம். 19ஆம் நூற்றாண்டில் ஷார்கோ என்ற மருத்துவர் 'ஹிஸ்டீரியா' நோயாளிப் பெண்களை இங்கேதான் பார்வையாளர் முன் நிறுத்திப் பாடம் நடத்தினார். அவர்களுடைய உடல்கள் புகைப்படங்களாகச் சேகரிக்கப்பட்டன. க்ளியோ தன் நோய்க்குப் பதில் வாங்கப் பெண்ணுடலைப் பார்த்துப் பார்த்தே அறிவைக் கட்டிய நிறுவனத்துக்குள் நடந்து போகிறாள். மருத்துவர் காரில் போகிற போக்கில் சிகிச்சை விவரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

இதுவரை படத்தின் பக்கம் நின்று பேசினேன். க்ளியோவின் நடைக்கு ஒரு விலை இருக்கிறது. அதை அவள் கொடுக்கவில்லை. டாக்ஸி வானொலியில் அல்ஜீரியச் செய்தி ஓடுகிறது. கடைச் சாளரத்தில் ஆப்பிரிக்க முகமூடிகள் அவளை மிரட்டுகின்றன. வர்தா இவற்றை அறிந்தே வைத்திருக்கிறார். ஆனால் படத்தில் அவை க்ளியோவின் பயத்துக்கு உருவம் கொடுக்கின்றனவே தவிர, தமக்கென்று ஒரு நடையைப் பெறுவதில்லை. கதை நடக்கும் ஜூன் மாதத்திலிருந்து நான்கு மாதம் தள்ளி, 1961 அக்டோபரில், அல்ஜீரியர்கள் இரவு எட்டரை மணிக்கு மேல் பாரிஸ் தெருக்களில் நடமாடக்கூடாது என்று காவல்துறை அறிவித்தது. அதை எதிர்த்து அக்டோபர் 17 அன்று ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஊர்வலம் வந்தவர்கள் மீது நடந்த தாக்குதலில் பலர் கொல்லப்பட்டார்கள். ஸேன் ஆற்றில் வீசப்பட்டார்கள். ஃபாத்திமா பெதார் என்ற 15 வயது மாணவியின் உடல் அந்த மாத இறுதியில் ஒரு கால்வாயில் கிடைத்தது. அவளும் அந்த நகரத்தில் நடக்கப் புறப்பட்டவள்தான். 'பெண்ணும் நகரமும்' என்று நாம் பேசும்போது எந்தப் பெண், யாருடைய நகரம் என்று கேட்காவிட்டால் க்ளியோவின் கறுப்பு உடையை மட்டும் ரசித்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

இந்தக் கேள்வி இன்றும் பாரிஸில் முடியவில்லை. அதில் தமிழர்களும் இருக்கிறார்கள். நகரத்தின் வடக்கே லா ஷப்பெல் பகுதியில் 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் கடைகள் போட்டார்கள். ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடை முடிவில் தேர் புறப்படும் நாளில் பெண்கள் எரியும் கற்பூரச் சட்டியைத் தலையில் ஏந்திப் பாரிஸின் நடுத்தெருவில் நடக்கிறார்கள். பக்தி என்ற காரணம் கையில் இருப்பதால் ஒருவரும் தடுப்பதில்லை. இதே லா ஷப்பெல்–பஜோல் பகுதியில் தெருவில் நிற்கும் ஆண்களால் பெண்கள் நடக்க முடியவில்லை என்று 2017இல் ஒரு கோரிக்கை மனு எழுந்தது. உடனே விவாதம் இரண்டாகப் பிளந்தது. பெண்களின் அச்சம் உண்மை என்றவர்களை இனவாதிகள் என்றார்கள். குடியேறிகளைக் குற்றவாளியாக்காதீர்கள் என்றவர்களைப் பெண் விரோதிகள் என்றார்கள். நடைபாதையை அகலமாக்கலாம் என்று சொன்ன ஒரு பெண்ணியவாதியைக் கேலி செய்து ஓய்ந்தார்கள். தங்கள் ஆண்களை வெறுப்பவர்களிடமும் சேர முடியாமல், அந்த ஆண்களின் பார்வையைப் பொறுத்துக்கொள்ளவும் முடியாமல் அங்கே காய்கறி வாங்கப் போகும் பெண்ணின் குரல் இரு பக்கத்திலும் பெரிதாகக் கேட்கவில்லை. செருப்பையும் சேற்றையும் பற்றிப் பேசிய ஜார்ஜ் சாண்டுக்கு அந்த நடைபாதை யோசனை கேலியாகத் தோன்றியிருக்காது.

2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஸேன் நதிக்கரையில் பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகள் எழுந்தன. ஒலாம்ப் த கூஜ், லூயிஸ் மிஷெல், சிமோன் த பொவ்வார், மார்தினீக் தீவின் போலெத் நார்தால் எல்லோரும் அதில் உண்டு. அவற்றை லா ஷப்பெல் தெருவில் நிரந்தரமாக நிறுவ நகராட்சி முடிவெடுத்தது. பெயருள்ள பெண்கள், அதுவும் ஏழைக் குடியேறிகளின் பகுதியில். இது நல்ல செய்திதான். ஆனால் ஒரு நகரத்தை மதிப்பிட நான் என் மாணவிகளுக்குச் சொல்லும் கேள்விகள் சிலையைப் பற்றியவை அல்ல. இங்கே ஒரு பெண் எதுவும் வாங்காமல், யாருக்காகவும் காத்திராமல் எவ்வளவு நேரம் பெஞ்சில் உட்காரலாம்? அவள் தோல் கறுப்பாக இருந்தால் எவ்வளவு நேரம்? தலையில் முக்காடு இருந்தால்? மணி இரவு ஒன்பது என்றால்?

வர்தா மோன்பர்னாஸுக்குச் சற்றுத் தெற்கே தகேர் தெருவில் 1950களின் தொடக்கத்திலிருந்து 2019இல் இறக்கும்வரை வாழ்ந்தார். ரொட்டிக் கடைக்காரர், கசாப்புக் கடைக்காரர், வாசனைத் திரவியம் விற்கும் வயதான தம்பதி என்று அந்த ஒரு தெருவையே ஒரு படமாக்கினார். நகரத்தை அவர் அறிந்தது அன்றாடம் கால்நடையாகப் போய் வந்துதான். க்ளியோ படத்தின் இறுதியில் மருத்துவரின் கார் போன பிறகு இருவரும் மருத்துவமனை வளாகத்தில் நடக்கிறார்கள். தன் பயம் போய்விட்டதுபோலத் தோன்றுகிறது என்கிறாள் அவள். நோய் போகவில்லை, போரும் முடியவில்லை. ஆறரை மணியாகிறது. ஏழாக இன்னும் அரைமணி இருக்கிறது, அவளுக்கு எங்கும் போக வேண்டிய அவசரமில்லை.